தோட்டத்து விபத்தும் தலைமையின் பொறுப்பும்

மலைநாட்டுத் தோட்டங்களைப் பற்றி எழுந்த சட்டங்களை வரிசைப்படுத்திப் படிப்போர்க்கு ஒரு வேறுபாடு எளிதிற் புலப்படும். 1865-ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், தொழிலாளி தன் கடமையில் அசட்டையாயிருப்பதைக் குற்றமாகக் கொண்டது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் சென்றோனும், கடமையைப் பெரிதும் புறக்கணித்தோனும் மூன்று மாதம் வரை சிறையிருக்க நேர்ந்தது. 1920-களின் தொடக்கத்திலேதான் அந்நிலை நீங்கியது. ஆனால், வேலை கொடுத்தோரின் அசட்டையினால் தொழிலாளியின் கை போயினும் உயிர் போயினும் அவன் குடும்பத்துக்கு நட்டஈட்டை உறுதிசெய்யும் சட்டம் பிறப்பதற்கு 1934-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தொழிலாளியின் அசட்டைக்குச் சிறையும் முதலாளியின் அசட்டைக்கு மௌனமும் என்ற நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நிலவிற்று.

அக்காலத்திற்குப் பின் எவ்வளவோ மாறிவிட்டன. எனினும், ஒரு கேள்வி இன்றும் அரைகுறையாகவே விடை பெற்றிருக்கின்றது. கவலையீனத்தால் ஒரு விபத்து நேரும்போது, கம்பனியின் தலைமையில் இருப்போர் அதற்குச் சட்டப்படி எவ்வளவு பொறுப்பாளிகள்? நம் கல்லூரியின் பழைய மாணவருள் தோட்டத்துரைமார் உளர். டீமேக்கர்மார், தோட்ட இலிகிதர்கள் உளர். கொழும்பிலே கணக்காளராயும் பணிப்பாளராயும் அமர்ந்தோர் உளர். சட்டத்தரணிகளும் தொழிற்சங்கத்தாரும் உளர். இக்கேள்வி அவருள் ஒருவரையேனும் தொடாமற் செல்வதில்லை. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைக்க முற்படுகின்றோம்.

கம்பனி என்னும் ஆள்

கம்பனி என்பது சட்டத்தின் கண்ணுக்கு ஓர் ஆள். அதன் பங்காளிகள் வேறு, அது வேறு என்பதை இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1897-இல் சலமோன் வழக்கிலே ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது. கம்பனி சொத்து வைத்திருக்கலாம், கடன் படலாம், வழக்குத் தொடரலாம். ஆயினும் அதற்குக் கையில்லை, கண்ணில்லை, மனமில்லை. பிறர் கையாலேயே செய்கின்றது. பிறர் மனத்தாலேயே நினைக்கின்றது. ஆகவே ஒரு தீங்கு நேருமிடத்து, "கம்பனி செய்தது" என்று கூறுவது விடையாகாது. யார் கையால், யார் மனத்தால் என்று மேலும் வினவ வேண்டியிருக்கின்றது.

தேயிலைத் தோட்டங்களிலே இவ்வினா வேறு தொழில்களிற் காணாத சிக்கலுடையது. பழைய ஸ்ரேலிங் கம்பனிகளின் பணிப்பாளர் சபை இலண்டனில் இருந்தது. அதன் முகவர் நிலையம் கொழும்பில் இருந்தது. தோட்டத்திலே பெரியதுரை, சின்னத்துரை, டீமேக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி எனப் படிகள் பல இருந்தன. 1972-இலும் 1975-இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் முகாமையைத் தனியாரிடம் ஒப்படைக்கும் பொருட்டு 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டன. அவற்றை நடத்த முகாமை முகவர்கள் ஏற்பட்டனர். உடையோர் மாறினர், படிகள் மாறவில்லை. கட்டளை மேலிருந்து கீழிறங்குகின்றது. பணத்துக்கான அனுமதியோ கீழிருந்து மேலே கேட்டுப் பெறவேண்டியது. அட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள ஒரு தொழிற்சாலையின் பழுதைக் காண்பவர் ஒருவர். அதனைத் திருத்தப் பணம் ஒதுக்குபவர் நூறு மைலுக்கு அப்பாலிருக்கும் வேறொருவர். இவ்விருவருக்கும் இடைப்பட்ட தூரத்திலேதான் பொறுப்பு என்பது பெரும்பாலும் தொலைந்துபோகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு

சட்டத்தை வறிதே கூறின் விளங்காது. எடுத்துக்காட்டின் பொருட்டு ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து கொள்வோம். தேயிலைத் தொழிற்சாலையின் ஒழுங்கு நம்மிற் பலரும் அறிந்ததே. மேல்மாடியில் கொழுந்து வாட்டப்படுகின்றது. கீழே ரோலர்களில் உருட்டப்படுகின்றது. பின்பு பதமாகப் புளித்து, டிரையரில் உலர்ந்து, சல்லடைகளிலே தரம் பிரிக்கப்படுகின்றது. இவற்றுள் பெரும்பாலானவை சுழலும் யந்திரங்கள். பற்சக்கரமும் பெல்ட்டும் விசிறியும் உள்ள இடங்களிலெல்லாம் காப்பு இருத்தல் வேண்டும்.

ஒரு ரோலரின் பெல்ட்டுக்குரிய காப்பு பழுதடைந்தது எனக் கொள்வோம். டீமேக்கர் அதைக் கண்டு துரைக்குத் தெரிவித்தார். துரை புதிய காப்புக்கான செலவை எஸ்டிமேட்டிற் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பினார். "இவ்வாண்டு இயலாது, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று பதில் வந்தது. கொழுந்து மிகுந்த காலமாதலின் யந்திரத்தை நிறுத்துவாரில்லை. ஓரிரவு, சிந்திய கொழுந்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் சேலைத் தலைப்பைப் பெல்ட் பற்றியது. அவள் கையை இழந்தாள். இப்போது சட்டம் யாரிடம் என்ன கேட்கும்? அவளும் அவள் குடும்பத்தாரும் தட்டத்தக்க வாயில்கள் நான்கு.

முதலாவது: நட்டஈடு

1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் முதல் வாயில். இதன் சிறப்பு, யாருடைய குற்றமென்று கேளாமலே நட்டஈடு வழங்குவதாகும். வேலையின் காரணமாகவும், வேலை நேரத்திலும் விபத்து நேர்ந்ததா என்பதே இங்கு வினா. ஆமெனில், முதலாளி நட்டஈடு கொடுத்தே ஆகவேண்டும். உயிரிழப்பு நேர்ந்தவிடத்து, பணம் நட்டஈட்டு ஆணையாளரிடம் கட்டப்பட்டு, அவர் வாயிலாகவே தங்கியிருப்போர்க்குப் பகிர்ந்தளிக்கப்படும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்தரை இலட்சம் ரூபாவாக இருந்த உச்சவரம்பை இருபது இலட்சமாக உயர்த்தியதோடு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்களையும் சட்டத்துள் அடக்கியது.

இது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. எனினும் இதற்கொரு மறுபக்கமும் உண்டு. குற்றம் யாருடையதென்று இச்சட்டம் கேட்பதில்லையாதலின், குற்றமுடையோரையும் அது தொடுவதில்லை. காப்பை ஒழுங்காக வைத்திருந்த கம்பனியும், மூன்று முறை எழுதியும் கேளாத கம்பனியும் அட்டவணைப்படி ஒரே தொகையையே செலுத்துகின்றன. காப்புறுதி எடுத்திருப்பின் அதையும் வேறொருவரே செலுத்துவர். நட்டஈடு துன்பத்துக்கு மருந்தாகலாம், அசட்டைக்கு மருந்தாகாது.

இரண்டாவது: தொழிற்சாலைச் சட்டம்

1942-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இரண்டாம் வாயில். பிரித்தானியாவின் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு வரையப்பட்ட இது, தேயிலைத் தொழிற்சாலைக்கும் உரியது. ஆபத்தான யந்திர பாகங்களுக்குக் காப்பிடுதல் இதன் தலையாய கட்டளைகளுள் ஒன்று. இக்கடமை எத்துணைக் கண்டிப்பானது என்பதைப் பிரித்தானியச் சட்டத்தின்கீழ் 1955-இல் எழுந்த ஒரு வழக்கால் அறியலாம். அரைக்கும் சக்கரத்தில் ஒரு தொழிலாளியின் கை காயமுற்றது. முற்றாகக் காப்பிட்டால் யந்திரத்தையே பயன்படுத்த இயலாதென்று முதலாளிமார் வாதித்தனர். அது விடையாகாது என்று பிரபுக்கள் சபை தீர்த்தது.

உயிரிழப்பு நேர்ந்தாலும், தொழிலாளி மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய இயலாது போனாலும், தொழிற்சாலைப் பரிசோதகருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். சட்டம் தன் கட்டளைகளை முதன்மையாகத் தொழிற்சாலையை நடத்துவோர்மீதே சுமத்துகின்றது. பிரித்தானியச் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. கம்பனி செய்த குற்றம், ஒரு பணிப்பாளரின் சம்மதத்தாலோ, கண்டும் காணாதிருந்தமையாலோ, அசட்டையாலோ நேர்ந்ததென நிரூபிக்கப்பட்டால், கம்பனியோடு அப்பணிப்பாளரும் குற்றவாளியாவார் என்பது அதன் விதி. "அசட்டை" என்னும் சொல் இங்கே 1865-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்ததற்கு நேர்மாறான திசையில் திரும்பி நிற்பதைக் காண்க. அன்று அது தொழிலாளியைச் சுட்டியது. இங்கே தலைமையைச் சுட்டுகின்றது.

மூன்றாவது: குடியியல் வழக்கு

நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, பிறரின் கவலையீனத்தால் உடலுக்கு ஊறுபட்டோர் நட்டம் கோரி வழக்கிடலாம். இங்கே குற்றத்தை நிரூபித்தல் வேண்டும். ஆனால் பெறத்தக்க தொகைக்கு அட்டவணை வரம்பில்லை. வழக்கு இரண்டாண்டுக்குள் தொடரப்படல் வேண்டும். இதனை அறியாது உரிமையை இழந்தோர் பலர் இருத்தல் கூடும். தொழிலாளியும் ஓரளவு கவலையீனமாயிருந்தான் என்பதால் வழக்கு முற்றாய்த் தோற்றுவிடாது. 1968-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், இருதிறத்தாரின் குற்றத்தையும் நிறுத்துத் தொகையைக் குறைக்க மட்டுமே இடமளிக்கின்றது. சேலைத் தலைப்பை இறுகச் செருகாதது அவள் பிழையென்று வாதிப்போர்க்கு இது விடை.

"தகுதியுள்ள முகாமையாளரை நியமித்தோம்; எம் கடமை அத்தோடு முடிந்தது" என்று கம்பனி கூறலாமோ? ஸ்கொத்லாந்தின் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி 1937-இல் எழுந்த வழக்கில் இவ்வாதமே முன்வைக்கப்பட்டது. பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. தகுதியுள்ள பணியாளர், தக்க கருவி, பாதுகாப்பான வேலைமுறை, தக்க மேற்பார்வை என்பவற்றை அளித்தல் முதலாளியின் சொந்தக் கடமை. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், அக்கடமையை ஒப்படைத்தலாகாது என்பது தீர்ப்பின் சாரம். பொதுநலவாய நாடுகளெங்கும் எடுத்தாளப்படும் தீர்ப்பு இது. ஆயினும் இவ்வாயிலிலும் பணம் கொடுப்பது கம்பனியே. பணிப்பாளர் ஒருவர் தாமே நேரிற் கவலையீனமாக நடந்தார் என்று காட்டினாலன்றி, அவர் சொந்தப் பொறுப்பாளியாகார்.

நான்காவது: தண்டனைச் சட்டம்

நமது தண்டனைச் சட்டக்கோவையின் 298-ஆம் பிரிவு, முன்பின் பாராத அல்லது கவலையீனமான செயலால் மரணம் விளைவித்தோர்க்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கின்றது. காயம் விளைவித்தோர்க்கு வேறு பிரிவுகள் உண்டு. "செயல்" என்பதிலே சட்டவிரோதமாகச் செய்யாது விடுதலும் அடங்கும். ஆகவே காப்பிடும்படி சட்டம் கட்டளையிட்டிருக்க, காப்பிடாது விட்டவர் "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று தப்புதல் எளிதன்று.

எளிதன்று எனினும், நடைமுறையில் இப்பிரிவு பெரும்பாலும் விபத்துக்கு மிக அண்மையில் நின்றவரையே பற்றுகின்றது. இதற்குக் காரணம், மரணம் அச்செயலின் நேரான விளைவாக இருத்தல் வேண்டுமென நீதிமன்றங்கள் கோருவதே. பம்பாயிலுள்ள வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையொன்றில் தீப்பற்றித் தொழிலாளர் எழுவர் மாண்டனர். உரிமமின்றி எரிபொருள்களை அடுப்புக்கருகே வைத்து வேலை நடத்தியவர் அத்தொழிற்சாலையின் முகாமையாளர். 1964-இல் இந்திய உச்ச நீதிமன்றம், சூடு ஆறுமுன் தர்ப்பந்தைலத்தை அவசரமாக ஊற்றிய தொழிலாளியின் செயலே தீயின் நேர்க்காரணமென்று கூறி, மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து முகாமையாளரை விடுவித்தது. சட்ட நுணுக்கத்தின்படி அது சரியாகலாம். ஆனால் அந்த அடுப்பையும் அந்த அவசரத்தையும் ஓரறைக்குள் ஒருங்கு வைத்தவர் யார் என்னும் கேள்வி விடையின்றியே நின்றது.

நம் எடுத்துக்காட்டிலும் இதுவே நிகழும். அத்தொழிலாளி இறந்திருந்தால், அன்றிரவு யந்திரத்தை ஓடவிட்ட டீமேக்கரே முதலிற் பொலிசாருக்கு விடை கூறுவார். அடுத்துத் துரை கூறுவார். செலவை ஒத்திவைத்தவர் சாட்சிக்கேனும் அழைக்கப்படுவாரோ என்பது ஐயமே. தொழிலாளியின் குடும்பத்துக்கு மட்டுமன்றி, இடைநிலையில் நிற்கும் உத்தியோகத்தர்க்கும் இது நீதியாகாது.

பிற நாடுகளிற் கண்டவை

இக்குறை நம் நாட்டுக்கே உரியதன்று. 1987 மார்ச் 6-ஆம் நாள் பெல்ஜியத்தின் சீபுறூக் துறைமுகத்தில் ஒரு பிரித்தானியப் பயணக் கப்பல், முன்கதவு மூடப்படாமலே புறப்பட்டுக் கவிழ்ந்தது. 193 பேர் மாண்டனர். கதவை மூடவேண்டிய மாலுமி உறங்கிவிட்டான் என்பது உண்மை. கதவு மூடியதா என்பதைக் காட்ட மேற்றளத்தில் ஒரு விளக்குப் பொருத்துமாறு கப்பற்றலைவர்கள் முன்னரே எழுதிக் கேட்டிருந்தனர் என்பதும், முகாமையினர் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தன. கம்பனிமீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. ஆயினும் 1990-இல் அவ்வழக்கு இடைநடுவே வீழ்ந்தது. கம்பனியின் மனமெனத்தக்க எந்த ஒரு தலைவரின் மேலும் குற்றம் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். அசட்டை பலரிடம் சிதறிக் கிடந்தது. சிதறியதைக் கூட்டிக் கணக்கிடச் சட்டத்தில் வழியில்லை.

ஆறாண்டுகளின் பின், 1993 மார்ச் மாதத்தில், இங்கிலாந்தின் லைம் விரிகுடாவிலே படகுப் பயிற்சிக்குச் சென்ற மாணவர் நால்வர் கடலில் மாண்டனர். பயிற்சி நிலையத்தை நடத்தியது ஒரு சிறு கம்பனி. அங்கு முன்னர் வேலை பார்த்த பயிற்றுநர் இருவர், பாதுகாப்புக் குறைகளை எடுத்துக்காட்டி, இவ்வாறே நடந்தால் பிள்ளைகள் உயிரிழக்க நேருமென்று முகாமைப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருந்தனர். அக்கடிதம் நீதிமன்றில் முதன்மையான சான்றாயிற்று. 1994-இல் கம்பனியும் பணிப்பாளரும் குற்றவாளிகளாயினர். பணிப்பாளர் சிறை சென்றார். இங்கிலாந்தில் ஒரு கம்பனி இவ்வகைக் கொலைக்குற்றத்திற் குற்றவாளியானது இதுவே முதன்முறை.

இரு வழக்குகளையும் ஒப்புநோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். பெருங் கம்பனி தன் படிகளின் நீளத்தால் தப்பியது. சிறு கம்பனியின் தலைவர், எச்சரிக்கை தம் கையில் நேரே வந்து சேர்ந்தமையால் அகப்பட்டார். இவ்வநீதியை ஓரளவு நீக்கவே பிரித்தானியா 2007-இல் புதிய சட்டமொன்றை இயற்றியது. கம்பனியின் மூத்த முகாமையினர் வேலைகளை ஒழுங்குசெய்த முறையே பெருந்தவறாகி மரணம் நேர்ந்தால், தனியொருவரைச் சுட்டாமலே கம்பனியைத் தண்டிக்கலாம் என்பது அதன் கொள்கை.

இந்தியா வேறொரு வழியைத் தேர்ந்தது. போபால் நகரில் 1984 டிசம்பர் 2-ஆம் நாளிரவு நேர்ந்த நச்சுவாயுப் பேரழிவை அறியாதார் இலர். அங்குள்ள பாதுகாப்புக் குறைகளைத் தாய்க்கம்பனியின் நிபுணரே 1982-இல் வந்து பார்த்து அறிக்கையிட்டிருந்தனர். எனினும், இந்தியக் கம்பனியின் தலைவராயிருந்த கேசுப் மகீந்திரா உட்பட எழுவர்க்கு இரண்டாண்டுச் சிறை விதித்த தீர்ப்பு 2010 ஜூன் மாதத்திலேயே வந்தது. தாய்க்கம்பனியின் தலைவர் வாரன் அண்டர்சன் அந்நீதிமன்றில் விளக்கத்துக்கு நிற்காமலே 2014-இல் மறைந்தார்.

இத்தாமதத்தினும் நமக்குப் பயன்படும் பாடம் 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உண்டு. அதற்கு முன் கம்பனிகள், முகாமையாளர் ஒருவரையே "தொழிற்சாலையை நடத்துவோர்" என்று பெயர் கொடுத்துவிட்டுப் பணிப்பாளரை மறைவில் நிறுத்தி வந்தன. கம்பனியின் தொழிற்சாலைக்கு அதன் பணிப்பாளருள் ஒருவரே நடத்துவோராகக் கொள்ளப்படுவார் என்று அத்திருத்தம் விதித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் அதனைச் செல்லுபடியென உறுதிசெய்தது. 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டமும் இக்கொள்கையைக் கைவிடவில்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் உள்ள கம்பனித் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் இவ்விதி உரியதாயிற்று.

மலையும் லயமும்

இதுவரை கூறியது தொழிற்சாலைக்குள் நடப்பதைப் பற்றியது. ஆனால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலார் நிற்பது மலையிலன்றோ? தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகின்றது. கொழுந்து பறிப்போரைக் குளவி கொட்டுதல், பட்டுப்போன நிழல்மரம் முறிந்து வீழ்தல், மருந்து தெளிப்போர்க்கு நஞ்சேறுதல், ஏற்றவிறக்கப் பாதையில் வாகனம் கவிழ்தல் என்பன அச்சட்டத்துக்குப் புறம்பானவை. இவற்றுக்கு முதல் வாயிலாகிய நட்டஈடும், மூன்றாவதும் நான்காவதுமாகிய பொதுச் சட்டங்களுமே உள.

"குளவி கொட்டுவது இயற்கை, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்பர். கூடு இருப்பது ஒருவர்க்கும் தெரியாதிருந்தால் அது சரி. ஆனால் இன்ன மலையில் இன்ன மரத்திலே கூடு உண்டென்று கங்காணி சொல்லி, அதனை அகற்றாமலே மறுநாளும் பிரட்டுக்களத்திலிருந்து அதே மலைக்கு ஆட்களை அனுப்பினால், அங்கே இயற்கையோடு அசட்டையும் சேர்ந்து கொட்டுகின்றது. அறிந்தபின் வாளாவிருத்தலே கவலையீனத்தின் இலக்கணம்.

வேலைத்தலத்து விபத்தன்றாயினும், இவ்விடத்து நினைக்கத்தக்கது அயல் மாகாணமாகிய ஊவாவில் நிகழ்ந்த ஒரு பேரிடர். 2014 ஒக்டோபர் 29-ஆம் நாட் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுதல் வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. யாரையும் குற்றவாளியெனக் கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் அந்த எச்சரிக்கைகள் ஏன் பயன்படவில்லை என்று சிந்தித்தல் வேண்டும். லயம் தோட்டத்தது, நிலம் அரசினது, முகாமை கம்பனியினது, எச்சரிப்பது ஒரு நிறுவனம், மாற்றிடம் காண்பது வேறொரு அலுவலகம். எல்லாரும் அறிந்திருந்தும், செய்தே தீரவேண்டியவர் இன்னார் என்று சட்டம் ஒருவரை விரல்நீட்டிக் காட்டவில்லை. பலருக்குப் பொதுவான கடமை ஒருவருக்கும் உரியதாகாமற் போயிற்று.

இம்மலைகளிலே சட்டம் விரல்நீட்டிக் காட்டிய காலமும் உண்டு. 1912-ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயங்களைச் சுத்தமாக வைத்தலும், நோயுற்றோரைப் பற்றித் தாமே அறிந்து ஆவன செய்தலும் தோட்டத்துரையின் கடமையென்று வெளிப்படையாகக் கூறியது. உடையோர் கடலுக்கு அப்பால் இருந்த காலத்தில், கையெட்டும் தூரத்தில் இருந்தவரைச் சட்டம் பற்றிக்கொண்டது. இன்று உடையோர் ஒருநாட் பயணத்துள் இருக்கின்றனர். ஆதலின் அவ்விரல் துரையோடு நிற்கவேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கவை

நாம் கொண்ட கருத்து இதுவே: பொறுப்பு, அதிகாரத்தின் அளவினதாதல் வேண்டும். பழுதைக் கண்டவர் அறிவித்தலுக்குப் பொறுப்பாளி. பணத்துக்கு அனுமதி அளிப்பவர் திருத்துதலுக்குப் பொறுப்பாளி. தோட்டத் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பணிப்பாளர் ஒருவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதும் விதி நம் நாட்டிலும் வருதல் நன்று. மலையில் நேரும் விபத்துக்களையும் தழுவிய பாதுகாப்புச் சட்டமொன்று வருதலும் வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. மேலே கண்ட வழக்குகளினூடே ஓடும் இழை ஒன்றுண்டு. கப்பற்றலைவர்களின் கடிதம், பயிற்றுநர் இருவரின் கடிதம், நிபுணரின் அறிக்கை, ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை ஆகிய யாவும் எழுத்திலே இருந்தன. "அறியேன்" என்பதே தலைமையின் முதற் கவசம். நாளிட்டு எழுதிய ஒரு கடிதம் அக்கவசத்தை நீக்கிவிடும். வாய்ச்சொல்லாக அறிவித்தது விபத்தின் மறுநாள் காற்றோடு போய்விடும். ஆதலின், டீமேக்கராயும் துரையாயும் உள்ள நம் நண்பர்கள் பழுதைக் கண்டால் எழுதுவாராக. பதிலையும் பேணி வைப்பாராக. அது தொழிலாளியின் உயிருக்கும் அவர்தம் மானத்துக்கும் ஒருங்கே காவல். கொழும்பிலே எஸ்டிமேட்டைப் பார்வையிடுவோர், "அடுத்த ஆண்டு" என்று எழுதுமுன், அவ்வரியைப் பின்னொரு நாள் நீதிமன்றில் உரத்து வாசித்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பாராக. சட்டத்தரணிகளும் சங்கத்தாரும், நட்டஈடு பெற்றுக்கொடுத்ததோடு அமையாது, இரண்டாண்டு கழியுமுன் ஏனைய வாயில்களையும் ஆராய்வாராக. 2009-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகத்தின் அறிவுரையையும் தோட்டங்கள் நாடிப் பெறலாம்.

மாணவர்க்கும் ஒரு சொல். உங்களிற் சிலர் நாளை பணிப்பாளர் சபைகளில் அமர்வீர்கள். உங்கள் முன் வரும் கணக்கேட்டிலே ரோலர்க் காப்பு ஒன்றின் விலை மிகச் சிறியதொரு வரியாக இருக்கும். அவ்வரியின் மறுமுனையில் இரவு வேலை பார்க்கும் ஒருவரின் கை இருக்கின்றது என்பதை மறவாதிருப்பின், நீங்கள் இக்கல்லூரியிற் கற்றது வீண்போகாது.